மச்சானோடு நடத்திய பட்டறை: கணக்குக்கு முன் தேதியை முடிவு செய்யுங்கள்

கேள்வி: காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் என் மனைவியின் தம்பியும் நானும் விசைப்படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறை நடத்தி வந்தோம். 2011-இல் முத்திரைத்தாளில் கூட்டு ஒப்பந்தம் எழுதினோம். சரிபாதிப் பங்கு, ஆளுக்கு இரண்டு லட்சம் முதல் (மூலதனம்), கால அளவு எதுவும் எழுதவில்லை, பதிவும் செய்யவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் லேத் மிஷின் வாங்க என் மனைவியின் நகையை வங்கியில் அடகு வைத்து நான் மட்டும் நான்கு லட்சம் போட்டேன். ஏப்ரல் கடைசியில் பேச்சு முற்றிவிட்டது. "மாமா, இன்னையோட முடிஞ்சுது. இனிமே பட்டறைக்கு வராதீங்க. கணக்க அப்புறம் பாத்துக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பூட்டை மாற்றிவிட்டார். கிராங்க் ஷாஃப்ட் கழற்றிய இரண்டு இன்ஜின்கள் உள்ளே நிற்கின்றன. வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கிறது. பெயர்ப்பலகையில் இருப்பது என் தகப்பனார் பெயர். படகுக்காரர்களிடம் பதினொரு லட்சம் பாக்கி, வங்கியில் ஓவர் டிராஃப்ட் (இருப்புக்கு மேல் எடுத்த கடன்) ஐந்து லட்சம். பதிவு செய்யாத கூட்டுக்கு கோர்ட்டே கிடையாது என்கிறார்கள். பூட்டை உடைக்கலாமா, போலீசில் புகார் கொடுக்கலாமா, எனக்கு என்ன கிடைக்கும்? (ராயபுரம் வாசகர்)

பதில்: வணக்கம். பதினான்கு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் கிரீஸ் கையோடு உழைத்துவிட்டு, ஒரு நாள் காலையில் வேறு பூட்டைப் பார்த்து நிற்பது எவ்வளவு பெரிய அவமானம் என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் பூட்டை மட்டும் உடைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பொருளில் உங்களுக்குப் பாதி உரிமை இருப்பது உண்மைதான். ஆனால் நீங்கள் பூட்டை உடைத்த அந்த நிமிடத்திலிருந்து வழக்கு கணக்கைப் பற்றியதாக இராது, நீங்கள் செய்ததைப் பற்றியதாகிவிடும். உள்ளே இருந்து காணாமற்போனதாக அவர் எதைச் சொன்னாலும் அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

போலீஸ் புகாரைப் பற்றியும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். கூட்டாளி ஒருவர் கூட்டுச் சொத்தைத் தன் வசம் வைத்துக்கொள்வது மட்டுமே நம்பிக்கை மோசடி ஆகிவிடாது என்றும், அந்தச் சொத்து அவரிடம் தனி ஒப்பந்தத்தின் பேரில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் வேல்ஜி ராகவ்ஜி படேல் வழக்கில் 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று உங்களைத் திருப்பி அனுப்பினால், அவர்கள் தட்டிக்கழிப்பதாக எண்ண வேண்டியதில்லை. மிரட்டல், அடிதடி என்று ஏதாவது நடந்தால் மட்டும் உடனே அங்கே போங்கள்.

என்னிடம் இப்படி வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எனக்கு எவ்வளவு வரும்?" என்பதைத்தான். நான் அவர்களைத் திருப்பிக் கேட்பது, "எந்தத் தேதியில் பிரிந்தீர்கள்?" என்பது. அதற்குப் பதில் இல்லாமல் தொகையைப் பேசுவதில் பயனே இல்லை. பிரிந்த தேதி வரையிலான லாப நட்டம் இருவருடையது. அந்தத் தேதியில் உள்ளே இருந்த சரக்குதான் பங்குக்கு வரும் சரக்கு. கணக்குக் கேட்டு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தரும் மூன்று ஆண்டும் கலைந்த தேதியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. நான் பார்த்த கூட்டுத் தகராறுகளில் பெரும்பாலானவை தொகையில் முட்டிக்கொண்டவை அல்ல. ஒருவர் மார்ச் மாதக் கணக்கையும் மற்றவர் ஜூன் மாதக் கணக்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசியதால் முட்டிக்கொண்டவை.

உங்கள் ஒப்பந்தத்தில் கால அளவு இல்லாததால், 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி அது கூட்டாளிகள் விரும்பும்வரை நடக்கும் கூட்டு. அதை எந்தக் கூட்டாளியும் மற்றவருக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்துக் கலைக்கலாம் என்கிறது 43-ஆவது பிரிவு. அறிவிப்பில் தேதி இருந்தால் அந்தத் தேதியிலும், இல்லாவிட்டால் அறிவிப்பு வந்து சேர்ந்த தேதியிலும் நிறுவனம் கலைகிறது. உங்கள் மச்சான் அனுப்பிய அந்த இரண்டு வரிச் செய்தியே அறிவிப்பாகுமா என்பதில் இரு பக்கமும் வாதிடலாம். அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். அந்தச் செய்தி இருக்கும் கைபேசியை மாற்றாதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். வழக்குக்கான மூன்று ஆண்டை, உங்களுக்குச் சாதகமான பிந்திய தேதியிலிருந்து எண்ணாமல், அந்தச் செய்தி வந்த ஏப்ரல் தேதியிலிருந்தே எண்ணுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். இருவர் மட்டுமே உள்ள கூட்டில் ஒருவர் விலகி மற்றவர் தொடர்வது என்பது சட்டத்தில் இல்லை. ஒருவர் போனாலே கூட்டு கலைந்துவிடும். அதன்பின் அவர் நடத்துவது அவருடைய தனித் தொழில், அதற்குப் புதிய ஜிஎஸ்டி எண்ணும் தனிக் கணக்கும் வேண்டும்.

பதிவு செய்யாத கூட்டுக்கு நீதிமன்றம் இல்லை என்று உங்களிடம் சொன்னவர்கள் சட்டத்தின் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். ஒப்பந்த உரிமையைக் கோரிக் கூட்டாளி மீதோ வெளியார் மீதோ வழக்குப் போட 69-ஆவது பிரிவு தடை போடுவது உண்மை. ஆனால் அதே பிரிவு, கூட்டைக் கலைக்கக் கோரும் வழக்குக்கும், கலைந்த கூட்டின் கணக்கைக் கோரும் வழக்குக்கும், கலைந்த கூட்டின் சொத்தை வசூலிக்கும் உரிமைக்கும் அந்தத் தடை பொருந்தாது என்கிறது. உங்கள் நிலையில் இதற்கு முக்கியமான விளைவு ஒன்று உண்டு. கூட்டு நடந்துகொண்டிருந்தபோது படகுக்காரரிடம் பாக்கி கேட்டு வழக்குப் போட முடியாதிருந்த நீங்கள், கலைந்தது என்று நிலைநாட்டிய பிறகு அந்தப் பாக்கியைக் கலைந்த நிறுவனத்தின் சொத்தாகக் கேட்க முடியும். தேதியை எழுத்தில் நிறுத்துங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது உடனடியாகச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். வழக்கறிஞர் மூலம் பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். கலைந்த தேதி இது என்று நீங்கள் கருதுவதை அதில் எழுதுங்கள். 12-ஆவது பிரிவின்படி கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் உங்களுக்குள்ள உரிமையைச் சொல்லுங்கள். 53-ஆவது பிரிவின்படி, காரியங்கள் முழுவதும் முடியும்வரை நிறுவனத்தின் பெயரையோ சொத்தையோ தம் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று கேளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பட்டறையை ஒரே ஒரு நாள் இருவர் முன்னிலையிலும் திறந்து கணக்கெடுக்க வேண்டும் என்ற கோரிக்கையை முதல் பத்தியிலேயே வையுங்கள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதம்தான் உங்கள் பட்டறைக்குப் பருவம். பூட்டு மாறிய அன்று, கிராங்க் ஷாஃப்ட் கழற்றிய நிலையில் இரண்டு இன்ஜின்கள் உள்ளே இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவை உங்களுடையவையும் அல்ல, அவருடையவையும் அல்ல. ஜூன் 15 விடியலில் கடலுக்குப் போக வேண்டிய படகுகளின் சொந்தக்காரர்களுடையவை. தொடங்கி முடியாமல் நிற்கும் வேலைகளை முடித்துக் கொடுக்கும் அதிகாரமும் பொறுப்பும் கலைந்த பிறகும் கூட்டாளிகளுக்குத் தொடர்கின்றன என்று 47-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த இரண்டு இன்ஜின்களையும் முடித்துக் கொடுப்பதில் இருவருமே நல்ல பெயர் காப்பாற்றிக்கொள்ளலாம். பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல இடம் உங்களுக்குக் கிடைக்காது.

கணக்கெடுக்கும் நாளில் உறவுக்காரர் வேண்டாம். இருவரும் ஏற்கும் மூன்றாவது ஆள் ஒருவர், உங்களுக்கு உதிரிபாகம் கொடுக்கும் கடைக்காரரே ஆனாலும் சரி, உடன் இருக்கட்டும். லேத்தின் தகட்டில் இருக்கும் வரிசை எண்ணிலிருந்து தொடங்கி, டிரில்லிங் மிஷின், வெல்டிங் செட், செயின் பிளாக், அலமாரியில் பிரிக்காமல் இருக்கும் பிஸ்டன் ரிங் பெட்டிகள் வரை ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மேசை டிராயரில் இருக்கும் பாக்கி நோட்டை அன்றே முழுவதும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படகின் பதிவு எண், தேதி, வேலை, தொகை என்று பென்சிலில் எழுதிய அந்த நோட்டுதான் உங்கள் பட்டறையின் பெரிய சொத்து. அதுவே தொலைந்துபோக மிகவும் எளிதானதும்கூட.

அடுத்தது கணக்கு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், 48-ஆவது பிரிவு வரிசையைத் தீர்மானிக்கிறது. முதலில் வெளியார் கடன், பிறகு கூட்டாளி முதலுக்கு மேல் போட்ட பணம், பிறகு இருவரின் முதல், மிச்சம் இருந்தால் லாப விகிதத்தில் பங்கு. உங்கள் கடிதத்தில் உள்ள தொகைகளோடு சில மதிப்புகளை நானாகச் சேர்த்து ஒரு மாதிரிக் கணக்குப் போடுகிறேன். மிஷின்கள் 7 லட்சத்துக்கும் சரக்கு 2.5 லட்சத்துக்கும் போகின்றன என்றும், பதினொரு லட்சம் பாக்கியில் 6.5 லட்சம் வசூலாகிறது என்றும், வாடகை அட்வான்ஸ் 3 லட்சமும் வங்கி இருப்பு 1 லட்சமும் கைக்கு வருகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 லட்சம். ஓவர் டிராஃப்ட் 5 லட்சம், உதிரிபாகக் கடைக்கு 3.8 லட்சம், ஆட்களின் கூலி 1.2 லட்சம் என்று 10 லட்சம் வெளியே போகிறது. மீதமுள்ள 10 லட்சத்தில் நீங்கள் லேத்துக்குப் போட்ட 4 லட்சமும், அதற்கு 13-ஆவது பிரிவு தரும் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி மூன்று ஆண்டுக்கு 72,000 ரூபாயும் முதலில் உங்களுக்கு வரும். பிறகு ஆளுக்கு இரண்டு லட்சம் முதல். எஞ்சிய 1,28,000 ரூபாய் சரிபாதி. ஆக உங்களுக்கு 7,36,000, அவருக்கு 2,64,000. இதே கணக்கில் பாக்கி 3.5 லட்சம் மட்டுமே வசூலானால், முதல் தொகையில் விழும் 1,72,000 ரூபாய்க் குறையை இருவரும் பாதிப் பாதி ஏற்க வேண்டும். அப்போது ஆளுக்கு 1,14,000 மட்டுமே முதலாகத் திரும்பும். இடையில் வீட்டுச் செலவுக்கு என்று இருவரும் எடுத்த பணம் லாபப் பங்குக்கு மேல் போயிருந்தால், அதுவும் அவரவர் கணக்கில் கழியும்.

"ஒரே பட்டறை, சரிபாதிப் பங்கு, ஆனால் மாமாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" என்று உங்கள் மச்சான் கேட்பது உறுதி. அவரைக் குறை சொல்ல முடியாது, பார்வைக்கு அநியாயமாகத்தான் தெரியும். அதற்குப் பதில் சொல்ல உங்களிடம் மூன்று தாள்கள் இருக்க வேண்டும். நகைக்கடன் அட்டை, அந்தப் பணம் நிறுவனத்தின் நடப்புக் கணக்கில் வரவான நாளைக் காட்டும் வங்கி அறிக்கை, லேத் வாங்கிய பில். மூன்றின் தேதிகளும் ஒரே வாரத்துக்குள் வந்தால் வாதமே தேவையில்லை. பணம் ரொக்கமாகக் கைமாறியிருந்தால் கொஞ்சம் சிரமம். அப்போது கணக்குப் புத்தகத்தில் அது யார் பெயரில், கடனாகவா முதலாகவா எழுதப்பட்டிருக்கிறது என்பதே தீர்மானிக்கும். இன்னொன்று உங்களுக்குக் கசப்பாக இருக்கும். வங்கிக்கு நகைக்கடன் வட்டியாக நீங்கள் கட்டியது 6 சதவீதத்துக்கு மேல் இருந்தால், ஒப்பந்தத்தில் எழுதாத நிலையில் அந்த மிகுதியைச் சட்டம் தானாகத் தராது. பேசித் தீர்ப்பதில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருப்பதால் எல்லாம் அவருடையது என்று ஆகிவிடாது. நிறுவனத்தின் பணத்தில் வாங்கியது நிறுவனத்தின் சொத்து என்பதே 14-ஆவது பிரிவின் அடிப்படை. அட்வான்ஸ் நடப்புக் கணக்கிலிருந்து போயிருந்தால் அது இருவருடையது. ஆனால் இடத்தில் தொடர்ந்து இருக்கும் உரிமை என்பது கட்டட உரிமையாளரையும் சார்ந்தது. அதில் அவர் பக்கம் வலுவாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். பெயர்ப்பலகையைப் பொறுத்தவரை, உங்கள் தகப்பனார் பெயரே ஆனாலும் 14 ஆண்டு நிறுவனத்தின் பெயராக ஓடியதால் அதில் சேர்ந்த நற்பெயர் நிறுவனத்தின் சொத்து. விலை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டியது. தகப்பனார் பெயர் உங்களுக்கு வேண்டும் என்றால் அதற்காக வேறெதையாவது விட்டுக்கொடுக்கத் தயாராக இருங்கள், அது தகும் என்றே நான் நினைக்கிறேன். பலகையை விட மதிப்புள்ளது ஒன்றை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. நடுக்கடலில் இன்ஜின் நின்றால் படகுக்காரர் கூப்பிடும் அந்தக் கைபேசி எண் யாரிடம் இருக்கிறது? கூட்டு கலைந்ததை இருவரும் எழுதிக்கொள்ளும் கலைப்புப் பத்திரத்தில் அந்த எண்ணுக்கு ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

வங்கி விஷயத்தில் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். எவரேனும் ஒருவர் கையெழுத்தில் பணம் எடுக்கலாம் என்று இருக்கும் கணக்கை, இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் எடுக்கலாம் என்று மாற்றக் கோரியும், ஓவர் டிராஃப்டில் மேற்கொண்டு எடுப்பதை நிறுத்தக் கோரியும் கடிதம் கொடுத்து, ஒப்புகை முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். அந்த ஐந்து லட்சத்துக்கு வங்கி உங்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுவதையும் கேட்கலாம். உங்களுக்குள் எழுதிக்கொள்வது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அதேபோல், கலைந்ததை ஊரறிய அறிவிக்கும்வரை, நிறுவனத்தின் பெயரில் அவர் வாங்கும் உதிரிபாகக் கடனுக்கும் நீங்கள் பொறுப்பாகலாம் என்கிறது 45-ஆவது பிரிவு. உங்களுடையது பதிவு செய்யாத நிறுவனம் என்பதால், அரசிதழிலும் மாவட்டத்தில் புழங்கும் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் வந்தால் 72-ஆவது பிரிவின்படி அது பொது அறிவிப்பாகும். அதோடு, வழக்கமாகச் சரக்கு எடுக்கும் கடைகளுக்கு நேரிலும் எழுத்து கொடுத்துவிடுங்கள். ஜிஎஸ்டி அலுவலகத்துக்கும் ஒரு மாதத்துக்குள் எழுதித் தெரிவியுங்கள். தெரிவிக்கத் தவறினால் தெரிவிக்கும் நாள்வரை வரிப் பொறுப்பு நீளலாம். பதிவு ரத்து, இறுதிக் கணக்கு, சொத்தைப் பிரிப்பதால் வரும் வருமான வரி ஆகியவற்றை உங்கள் ஆடிட்டரிடம் விடுங்கள். 2021-இல் அந்த வரி விதிகள் மாறியிருப்பதால், மிஷினை விற்றுப் பணமாகப் பிரிப்பதா, பொருளாகவே எடுத்துக்கொள்வதா என்பதைப் பத்திரம் எழுதும் முன் அவரிடம் கேட்பது நல்லது.

படகுக்காரர் பாக்கியில் ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாக மூன்று ஆண்டுக் காலவரையறை உண்டு. பழைய பில் காலாவதி ஆகும் முன்பே, "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று படகுக்காரர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். தடைக்காலத்தில் அவர்கள் கையில் பணம் இராது. பணம் கேட்டு அலைவதை விட, இப்போது கையெழுத்து வாங்குவதில் கவனம் வையுங்கள். வசூலை நிறுவனக் கணக்கில் மட்டுமே போட வேண்டும் என்று இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்புக்குப் பதில் வராவிட்டால் அல்லது பட்டறையைத் திறக்க மறுத்தால், வழி இரண்டு. கூட்டு ஒப்பந்தத் தகராறு மூன்று லட்சத்துக்கு மேல் போனால் வணிக வழக்காகிறது. அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்குகளில், வழக்குக்கு முன் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசம் முயன்றாக வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவு. அது கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அங்கே எட்டும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணை போல நிறைவேற்றத்தக்கது, சமரசத்தில் செலவான காலம் உங்கள் மூன்று ஆண்டில் சேராது. மற்றொரு வழி, மிஷின் விற்கப்படும், நோட்டு மறையும் என்ற நியாயமான பயம் இருந்தால், நேராக வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, விற்கத் தடையும், உள்ளே இருப்பதைக் கணக்கெடுக்க நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரும் கேட்பது. அப்படிப்பட்ட வழக்கில் முதலில் பங்கை அறிவிக்கும் முதல்நிலைத் தீர்ப்பாணை, பிறகு கணக்கு, அதன்பின் இறுதித் தீர்ப்பாணை என்று படிப்படியாகப் போகும். அதற்குள் லேத் துருப்பிடித்துவிடும். ஆணையர் நியமனம் வரை நீதிமன்றத்தைப் பயன்படுத்திக்கொண்டு, தொகையைச் சமரச மேசையில் முடிப்பதே உங்கள் இருவருக்கும் நல்லது என்பது என் கருத்து.

சமரசத்தில் மிஷினுக்கு விலை வைப்பதில் மூச்சு முட்டினால், ஒருவர் இரண்டு பங்காகப் பிரித்து எழுதட்டும், மற்றவர் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். பிரிப்பவர் தாமாகவே நியாயமாகப் பிரிப்பார். உங்கள் மனைவியை மட்டும் எந்தத் தாளிலும் சாட்சியாக நிறுத்தாதீர்கள், தூதாகவும் அனுப்பாதீர்கள். ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் கூடப் பிறந்தவன் என்று நிற்பவர் அவர். இந்த விவகாரத்தில் அதிகம் இழந்திருப்பவரும் அவரே. ஆகையால் கலைப்புப் பத்திரத்தில் இந்த ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள்: வெளிக் கடன்கள் அடைந்ததும் வரும் முதல் பணத்தில், லேத்துக்குப் போட்ட 4 லட்சமும் அதன் வட்டியும் உங்கள் கைக்கு வராமல் நேராக நகைக்கடன் கணக்கில் கட்டப்பட வேண்டும். போதாத தொகையை நீங்கள் சேர்த்துக் கட்டுங்கள். நகையை வங்கியில் உங்கள் மனைவியே கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளட்டும், கடன் அடைந்த ரசீதைப் பத்திரத்தோடு இணைத்துவிடுங்கள்.